வாசலோடு நின்றவர்

எங்கள் வீட்டு மணியை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. வென்ட்வேர்த்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கதவுக்கு வெளியே, பூச்சி வராமலிருக்க ஒரு வலைக்கதவு உண்டு. அவர் அதற்கும் அப்பால் படியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமுவார். வானொலி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தால் அவர் வந்து நிற்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விடும். என் தம்பி தற்செயலாக வெளியே பார்த்துவிட்டுக் கத்துவான்.

"அக்கா, ஜப்பான்காரர் வந்து நிக்கிறார். எவ்வளவு நேரமா நிக்கிறாரோ தெரியேல்லை!"

"வாங்கோ" என்று ஒருமுறை சொன்னால் அசையமாட்டார். "இல்லை, இதில நிண்டே கதைச்சிட்டுப் போறன்" என்பார். மறுபடியும் வற்புறுத்திக் கூப்பிட வேண்டும். அப்போது குனிந்து சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, நுனி தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். ஜப்பானில் பழகியதாம். உள்ளே வந்த பிறகும் கதவுக்குக் கிட்ட இருக்கும் கதிரையில்தான் இருப்பார். சமையல் நடக்கும் குசினிப் பக்கம் அவர் தலையைத் திருப்பியதைக்கூட நான் கண்டதில்லை.

சிட்னியில் அந்த நாட்களில் இருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்குள் அவரைப் பற்றி இரண்டு கருத்து நிலவியது. கூச்ச சுபாவம் என்றார்கள் சிலர். பெரிய இடத்துச் செருக்கு என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. கூச்சமுள்ளவர் இத்தனை பேருக்கு முன்னால் படம் காட்டமாட்டார். செருக்குள்ளவர் என் அம்மாவை 'நீங்கள்' என்று கூப்பிடமாட்டார்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள், நாற்பது வயதைத் தாண்டியவர், மணம் செய்யவில்லை. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை. அந்தத் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து இயந்திரம் வாங்கியபோது, அதைப் பழகி வரச்சொல்லி இவரை அனுப்பினார்கள். கியூஷு தீவில் ஒயிட்டா என்ற ஊரில் பல மாதங்கள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கப் போனபோது, இவர் பஸ் ஏறிப் பக்கத்திலிருந்த குனிசாக்கி என்ற மலைநாட்டுக்குப் போனார். கடலுக்குள் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலம்; நடுவில் மலை, மலையிலிருந்து நாலாபுறமும் இறங்கும் பள்ளத்தாக்குகள், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பழைய கோயில்கள். போன இடமெல்லாம் படம் எடுத்தார். அதனால்தான் 'ஜப்பான்காரர்' என்ற பெயர் விழுந்தது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அவர் மெல்பேணில் இருப்பதாகக் கேள்வி. பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

கோயில் என்று ஒன்று அப்போது சிட்னியில் எங்களுக்கு இல்லை. லிட்கத்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தின் பின்மண்டபத்தை மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை வாடகைக்கு எடுப்போம். மேசையில் விரிப்புப் போட்டு, சுவாமி படங்களை வைத்து, தேவாரம் பாடி, கற்பூரத்தை அளவாகக் கொளுத்துவோம். புகை கூடினால் தேவாலயத்துக்காரர் ஓடிவந்துவிடுவார். பிறகு மோதகமும் தேநீரும். அதற்கும் பிறகு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில்தான் அவர் தன் ஸ்லைட் பெட்டியையும் படம் காட்டும் கருவியையும் எடுப்பார். வெள்ளைச் சுவரில் குனிசாக்கி எழும்பும்.

எங்களில் ஒருவரும் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் எங்கே இறங்கி எந்தப் பஸ் மாற வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையம், பஸ் தரிப்பு, தரிப்பில் ஆட்கள் உட்கார ஒரு மர வாங்கு. படிப்படியாக ஏறிப்போகும் நெல்வயல்கள். உயரமான மரங்களுக்கு அடியில் வரிசையாகச் சாய்த்து வைத்த கட்டைகள்.

"விறகை ஏன் இப்பிடி மழையில போட்டிருக்கினம்?" என்று டொக்டர் அன்ரி கேட்டார். அவர்தான் எங்கள் கூட்டத்தின் குரல். கணவர் டொக்டர்; அவர் வாயைத் திறக்கமாட்டார், இவர் மூடமாட்டார்.

"விறகில்லை. காளான் வளர்க்கிறது. கட்டையில ஓட்டை போட்டு விதை வைக்கிறவை."

"நல்லாத்தான் பாத்து வந்திருக்கிறியள். கலியாணத்துக்கு ஒரு பெட்டையைப் பாத்தியளோ?"

மண்டபம் சிரிக்கும். அவர் அடுத்த ஸ்லைடைப் போடுவார்.

ஃபுதாகோஜி என்ற கோயிலின் படிக்கட்டில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய காவலர்கள். ஆளைவிடப் பெரிய உருவங்கள். ஒருவர் வாயைத் திறந்திருந்தார், மற்றவர் மூடியிருந்தார். தோளிலும் தொடையிலும் பச்சைப் பாசி. "துவாரபாலகர்" என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தை மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் விடுவார். பிறகு படிக்கட்டின் உச்சி. பிறகு ஒரு கதவு. பிறகு, திடீரென்று, வேறு ஊர், வேறு பஸ் தரிப்பு.

ஃபுக்கிஜி கோயிலும் அப்படித்தான். மஞ்சள் இலை கொட்டிய மரங்களுக்குப் பின்னால் சிறகு விரித்த கூரையோடு ஒரு மரக்கட்டடம். கியூஷு தீவிலேயே மிகப் பழைய மரக்கட்டடம் அதுதானாம். ஒரே மரத்தை வெட்டி முழு மண்டபத்தையும் கட்டினார்கள் என்று ஊரவர்கள் சொல்லுவார்களாம். "உள்ள ஒரு புத்தர் இருக்கிறாராம். சுவரெல்லாம் சித்திரமாம், மங்கிப்போச்சாம்" என்பார். அடுத்த படத்தில் கதவின் கீழ்நிலைக் கட்டையும், வெளியே வரிசையாக விட்ட சப்பாத்துகளும் இருக்கும். அதற்கடுத்து மறுபடி தெரு.

"நடுவில ஒண்டை விட்டிட்டியள்" என்பார் டொக்டர் அன்ரி.

"இல்லை. அவ்வளவுதான்."

"சாமி எங்க?"

"உள்ள."

"அதைத்தானே கேக்கிறன். அவ்வளவு தூரம் போய்ச் சாமியை விட்டிட்டுச் செருப்பைப் படமெடுத்துக்கொண்டு வந்திருக்கிறியளே!"

"அதுக்கு மேல எங்கட வேலை இல்லை" என்பார். கோபமாகச் சொல்லுவதில்லை, விளக்குவதுமில்லை. இந்த வசனத்தை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் மண்டபத்தில் அதை மெச்சினார்கள். ஊரில் மூலஸ்தானத்தைப் படமெடுக்க விடுவார்களா? பிறதேசத்திலும் ஆசாரம் தவறாத மனிசன் என்று பேசிக்கொண்டார்கள்.

குமானோ என்ற மலையில் வெட்டவெளிப் பாறையில் மிகப் பெரிய புத்தர் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்களாம். அங்கே கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஆனாலும் அவர் காட்டியது ஏறிப்போகும் வழியை மட்டும்தான்: தாறுமாறாகக் குவித்த கற்களால் ஆன, செங்குத்தான ஒரு படிக்கட்டு.

"பாறைக்கும் மூலஸ்தானமோ?" என்றார் டொக்டர் அன்ரி.

அன்று அவர் அந்தப் படிக்கட்டின் கதையைச் சொன்னார். ஆட்களைத் தின்ன ஆசைப்பட்ட ஓர் அரக்கன் மலைத் தெய்வத்திடம் உத்தரவு கேட்டானாம். ஒரே இரவில் படிக்கட்டைக் கட்டி முடி, தருகிறேன் என்றதாம் தெய்வம். முடியாது என்ற நினைப்பு. அரக்கனோ கல்லைத் தூக்கித் தூக்கி அடுக்கினான். கடைசிக் கல்லுக்குப் போன நேரத்தில் தெய்வம் பயந்துபோய்ச் சேவல் மாதிரிக் கூவியதாம். விடிந்துவிட்டதென்று நம்பி அவன் ஓடிவிட்டான்.

"அப்ப சாமியே பொய் சொன்னதோ?" என்று டொக்டர் அன்ரி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "படி கட்டினவன் மேல ஏறிப் பாக்கேல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது" என்று சொல்லி அந்தப் படத்தை எடுத்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாவம் அந்த அரக்கன்."

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பா பிறர் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தவர். கோடையில் கல் ஏற்றி இறக்கியவர். எங்கள் ஊர் முருகன் கோயிலின் வெளிமதிலுக்குக் கல் கொண்டுபோய்க் கொட்டியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் சாதி அந்த மதிலுக்கு உள்ளே போக முடியாது. பட்டணத்துப் பெரிய கோயில்கள் சில திறந்துவிட்டிருந்தன. எங்கள் ஊர்க் கோயில் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். சிட்னி வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததனால்தான் அம்மாவும் தம்பியும் விமானம் ஏறினார்கள். இதை நான் தலைநிமிர்ந்து சொல்லுவேன். லிட்கம் மண்டபத்தில் புதிதாக வருகிறவர்கள், "ஊர் எது? அதில எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போதும் தலைநிமிர்ந்துதான் பதில் சொன்னேன். கேட்டவர்களின் முகம் மாறுவதையும் நேராகவே பார்த்தேன். அம்மா அப்படி இல்லை. கடைசி வரிசைக்குப் போய், சுவரோடு ஒட்டிய கதிரையில் இருந்துகொள்வார். எல்லோருக்கும் 'ஐயா', 'அம்மா' போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வரிசையிலிருந்து அம்மா ஒரேயொரு முறைதான் குரல் கொடுத்தார். ஏதோ ஒரு சின்னக் கோயில். பெரிய கோயில்களுக்குப் போகும் வழியில் இருப்பது. சுவரில் ஒரு கதவு தெரிந்தது. புகைபிடித்துக் கறுத்த நிலை, பக்கத்தில் அடுக்கிய விறகு, கூரையோரத்தில் காயக் கட்டித் தொங்கவிட்ட முள்ளங்கிகள்.

"ஐயா, அது குசினியோ?" என்று அம்மா கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கி, பின்வரிசையில் அம்மாவைத் தேடிப் பிடித்துப் பதில் சொன்னார்.

"ஓம், குசினிதான். சரியாச் சொன்னியள். அதுக்குள்ளயும் ஒரு சாமி இருக்கிறாராம். குசினியைக் காவல் காக்கிறவராம். அந்தக் கோயில் சாமியாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். இந்தச் சாமி இந்தியாவில இருந்து வந்தவர், அங்க ஸ்கந்தன் எண்டு பேர் எண்டு சொன்னார்."

மண்டபம் கலகலத்தது. "எங்கட முருகனோ? ஜப்பானிலயோ?"

"அவர் சொன்னதைத்தான் சொல்லுறன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அன்று ரயிலில் அம்மா தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். "குசினியிலயோ இருக்கிறார்? நல்லது. அங்க எண்டால் வேலைசெய்யிற சனமும் போய்வரும்."

என் தம்பிக்கு செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்தவர் ஜப்பான்காரர்தான். ஒரு வருடம் ஒழுங்காகப் போனான். பிறகு ஒருநாள் அடுக்கியிருந்த இரும்புத் தகடுகள் சரிந்து அவன் வலது காலின்மேல் விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் புண் பழுத்துவிட்டது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். நான் ஆய்வுகூடத்தில் வேலைசெய்கிறவள். அவர்கள் சொன்ன ஆங்கிலத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன். அம்மா வைத்தியசாலை நடையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாய்விட்டு நேர்ந்தார்.

"முருகா, இவன்ரை காலைத் தா. நான் உன்னை நேர வந்து பாத்துக் கும்பிடுறன். அதுவரைக்கும் எனக்கு ஒரு நேரச் சோறுதான்."

நேர வந்து. அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றை, செய்ய விடாத ஒன்றை நேர்ந்துவிட்டார்.

ஜப்பான்காரர் வேலை முடிந்து தினமும் வைத்தியசாலைக்கு வந்தார். அங்கேயும் வார்டு வாசலோடு நின்றுவிடுவார். தம்பியின் கட்டில் உள்ளே மூன்றாவது. அங்கிருந்து அவன் கையைத் தூக்கிக் காட்டுவான், இவரும் தூக்குவார்.

"அண்ணை, உள்ள வாங்கோவன். நான் கடிக்கமாட்டன்!"

"இருக்கட்டும், இருக்கட்டும். நித்திரை கொள்ளும்."

இவர் யார், காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரரா என்று ஒரு தாதி என்னிடம் கேட்டாள். தம்பி சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

கால் தப்பியது. முதலில் ஊன்றுகோலோடு நடந்தான், பிறகு இழுத்து இழுத்து நடந்தான், பிறகு நன்றாகவே நடந்தான். ஆனால் அம்மா ஒரு நேரச் சோற்றை விடவில்லை. மத்தியானம் ஒரு தட்டு. மற்ற நேரம் வெறுந்தேநீர். மாதங்கள் போகப் போகக் கன்னம் ஒட்டியது. சட்டை தோளிலிருந்து நழுவியது. இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தது.

"அம்மா, சுவாமி அறையில முருகன் படம் இருக்குது. அதைப் பாத்துக் கும்பிட்டு நேர்த்தியை முடியுங்கோ."

"அது கலண்டர். கடையில தந்தது. கோயிலுக்குள்ள இருக்கிறவரைப் பாக்கிறன் எண்டுதான் நேந்தனான்."

"அப்ப ஊருக்குப் போவம். கடன்பட்டெண்டாலும் கூட்டிக்கொண்டு போறன்."

"போய்? வீதியில நிண்டு பாக்கவோ?"

"கதிர்காமத்துக்குப் போகலாம். அங்க எல்லாரும் உள்ள போகலாம்தானே."

"அங்க திரைக்குப் பின்னால இருக்கிறார். ஆரும் பாக்கேலாது. பேசாமல் இரு பிள்ளை. ஒரு நேரம் தின்னாட்டி நான் செத்துப்போகமாட்டன்."

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மாலை ஜப்பான்காரர் வந்தார். படியில் நின்று செருமி, இரண்டு தரம் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து, கதவோரக் கதிரையில் இருந்தார். தொழிற்சாலை அவரை மறுபடியும் ஒயிட்டாவுக்கு அனுப்புகிறதாம், சில வாரங்களுக்கு. "ஏதாவது வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்றார். தம்பி ஒரு கைக்கடிகாரம் கேட்டான். நான் ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அம்மா குசினியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்தக் குசினிக் கோயில் பக்கம் போவியளோ?"

"போகலாம். பஸ் போற வழிதான்."

"அப்ப அந்த முருகனை எனக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. கோயிலுக்குள்ள இருக்கிறவரை. நீங்கள் சுவரில காட்டுறது கலண்டர் மாதிரி இல்லை. அங்க நிண்டு பாக்கிற மாதிரித்தான் இருக்குது. அது எனக்குப் போதும்."

அவர் வாசலில் விட்ட சப்பாத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் உள்ள இருக்கிறதை எடுக்கிறேல்லை, உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

நான் விடவில்லை. "ஏன், அங்க எடுக்க விடமாட்டினமோ?"

"விடுவினம் பிள்ளை. உள்ள வந்து எடுங்கோ எண்டு அந்தச் சாமியாரே சொன்னவர்."

"அப்ப ஆர் தடுக்கிறது?"

"ஒருத்தரும் தடுக்கேல்லை. ஒரு மரியாதைதான். அதுக்கு மேல எங்கட வேலை..."

"தம்பி" என்றார் அம்மா.

அவரை அம்மா அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு மரியாதை எண்டு சொல்லித் தந்தவை, எங்களுக்கு அதை வேற மாதிரிச் சொன்னவை. எனக்கு விளங்கின நாளில இருந்து நான் வீதியில நிண்டுதான் கும்பிட்டனான். தேர் வெளியில வந்தால்தான் எங்களுக்குச் சாமி. அதுவும் ஆக்களின்ரை தலைக்கு மேலால. நீங்கள் உள்ள போய்க் கண் நிறையப் பாத்த ஆள். படம் எடுக்காமல் விடலாம். உங்களுக்கு அது மரியாதை. எனக்கு ஆர் காட்டுறது?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவர் முகத்தையே பார்த்தேன். டொக்டர் அன்ரியின் கிண்டலுக்கெல்லாம் அசையாத முகம், தோல் உரிந்ததுபோல் ஆகியிருந்தது.

"நான் உள்ள போய்ப் பாக்கேல்லை, அம்மா" என்றார். "அங்க ஒரு கோயிலுக்குள்ளயும் போகேல்லை. எல்லாம் அவை சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னனான்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு சாவி கிடப்பதுபோல் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கட ஊர்க் கோயிலின்ரை திறப்பு எங்கட வீட்டிலதான் இருக்கிறது. எங்கட ஐயா, என்ரை தகப்பன்தான் தர்மகர்த்தா. ஆக்கள் உள்ள வரப்போறம் எண்டு ஊர்வலமா வந்த அண்டைக்கு, ஐயா கேற்றைப் பூட்டிப்போட்டுத் திறப்பை என்ரை கையில தந்தவர், வச்சிரு எண்டு. வச்சிருந்தனான். வெயில். பொம்பிளையள், சின்னப் பிள்ளையள் எல்லாம் பின்னேரம் மட்டும் வெளியில நிண்டவை. பொலிசு வந்து அடிச்சுக் கலைச்சது. நான் உள்ளுக்கு நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான், திறப்பு கையில இருக்க. அதுக்குப் பிறகு நான் ஒரு கோயிலுக்குள்ளயும் கால் வைக்கேல்லை. ஜப்பானிலயும் ஏலாமல் போச்சு. வாசலுக்கு வந்தால் கால் நிண்டிடும்."

அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தது கோபம். அவர் சொன்ன அந்த வெளிக்கூட்டத்தில் என் அம்மாவைப் போன்ற பெண்கள் நின்றிருக்கிறார்கள். என்னைப் போன்ற சிறுமிகளும் நின்றிருக்கிறார்கள்.

அம்மாதான் பேசினார். குரலில் கோபமில்லை, இரக்கமும் இல்லை.

"அப்ப நீங்களும் வெளியிலதான் நிக்கிறியள்."

"ஓம்."

"நீங்கள் உங்கட விருப்பத்தில நிக்கிறியள், தம்பி. நாங்கள் அப்பிடி நிக்கேல்லை. நீங்கள் வெளியில நிண்டதால எங்களில ஆரும் உள்ள போனவையோ? இல்லைத்தானே. எனக்காக ஒருக்கா உள்ள போங்கோ. போய் அவரைப் பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவர் எழுந்தார். "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்.

அந்தச் சில வாரங்களில் அம்மா அவரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நேரச் சோறு தொடர்ந்தது. "அந்தாள் எடுக்காது, அக்கா" என்றான் தம்பி. எடுக்கமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். லிட்கம் மண்டபத்தில் அடுத்த கூட்டத்தன்று, ஜப்பான்காரர் திரும்பி வந்துவிட்டார், ஆனால் படம் ஒன்றும் கொண்டுவரவில்லையாம் என்று டொக்டர் அன்ரி சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் படியில் செருமல் கேட்டது. கதவைத் திறந்தேன். ஒரு கையில் படம் காட்டும் கருவி, மற்றக் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டி இல்லை.

"அம்மாவுக்கு மட்டும் காட்டத்தான் வந்தனான். உள்ள வரலாமோ?" என்றார்.

நான் ஒருமுறைதான் "வாங்கோ" என்றேன். வந்துவிட்டார்.

தம்பி ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்தான். நான் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் குத்தினேன். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, வேறு சேலை உடுத்துக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கமாட்டேன் என்றார்.

முதலில் பஸ் தரிப்பு வந்தது. பிறகு மரங்களுக்கு நடுவே நடந்து போகும் ஓர் ஒழுங்கை. பிறகு விறகு அடுக்கிய சுவரும் கறுத்த நிலையும். அந்தக் கதவுக்கு அடுத்த படம் ஒன்றும் விளங்காமல் கலங்கிக் கிடந்தது. இருட்டும் ஒரு கோடு வெளிச்சமும்தான்.

"அது நிலையைத் தாண்டேக்க எடுபட்டது" என்றார். "அடுத்ததைப் பாருங்கோ."

அடுப்படி. பெரிய மண் அடுப்புகள், தொங்கும் அகப்பைகள், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு தூண். தூணின்மேல் ஒரு மாடம். இன்னொரு படம் போட்டார். மாடம் கிட்ட வந்தது. உள்ளே ஒரு முழ உயரத்தில் ஓர் உருவம். புகையில் கறுத்துப்போன மரம். வேல் இல்லை, மயில் இல்லை, ஆறு முகமும் இல்லை. தலையில் போர்க்கவசத் தொப்பி, உடம்பிலும் கவசம், இளம் முகம். தோளுக்குப் பின்னால் ஒரு துணி காற்றில் பறப்பதுபோல் செதுக்கியிருந்தது. காலடியில் ஒரு கிண்ணம் சோறு.

"இவரோ முருகன்? சீனப் படத்தில சண்டைக்கு வாற ஆள் மாதிரி இருக்கிறார்" என்றான் தம்பி.

"வாயை மூடு" என்றேன்.

அம்மா விரிப்புக்குக் கிட்டப் போனார். அவருடைய நிழல் உருவத்தின்மேல் விழுந்தது. ஒரு பக்கமாக விலகி நின்றார். நெடுநேரம் பார்த்தார். உருவத்துக்கு ஒரு வாளும் இருந்தது, ஆனால் கையில் பிடித்தபடி இல்லை. இரண்டு முன்கைகளிலும் குறுக்காகக் கிடந்தது. ஏனென்றால் கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன.

"தம்பி, இவர் கும்பிட்டுக்கொண்டெல்லோ நிக்கிறார்" என்றார் அம்மா. "ஆரைக் கும்பிடுறார்?"

கருவியின் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நானும் சாமியாரிட்ட அதைத்தான் கேட்டனான், அம்மா. வாசலால உள்ள வாறவையை எண்டு சொன்னார்."

அம்மா உடனே கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, முதுகை நிமிர்த்தி, முருகன் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான், தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால் நாமும் பதிலுக்குச் சொல்வதைப்போல, மெதுவாகக் கைகளைத் தூக்கினார்.